தேதி ஒட்டும் மஹ்னூர்

பால் பாக்கெட்டை ஆபீஸ் பிரிட்ஜுக்குள் வைப்பதற்கு முன்னால் மஹ்னூர் காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்து, ‘மஹ்னூர், வியாழன், மாலை 6’ என்று எழுதி அதன் நெற்றியில் ஒட்டுகிறார். வியாழன் ஆறு மணிக்கு மிச்சம் இருந்தால் அந்தப் பால் வாஷ்பேசினில் போகும். கெட்டிருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. நேரம் வந்தால் போக வேண்டியதுதான்.

பால் மட்டும் இல்லை. குடை, இரவல் கொடுத்த பேனா, யாரோ மேஜையில் வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் டேப். போன வருடம் கரண்ட் பார்க்கிற என்னுடைய டெஸ்டரை இரவல் வாங்கினார். வாங்கிய கையோடு அதன் பிடியில் ‘அண்ணாவுடையது, திங்கள் 11 மணி’ என்று ஒட்டிக்கொண்டார். திங்கள் பதினொன்றுக்கு டெஸ்டர் என் கைக்கு வந்துவிட்டது. அந்த டேப் இன்னும் அதில்தான் இருக்கிறது. பிய்த்தால் பிசின் போகாது.

ஆபீஸ் பையன்கள் சும்மா விடுவார்களா? “அக்கா, எம்மேலயும் ஒரு தேதி ஒட்டி உடுங்க” என்றான் ஒருத்தன், சட்டை முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு.

“உனக்கு ஒட்டுனா இன்னிக்குச் சாயந்திரமே தூக்கி வீசோணும் கண்ணு. பரவால்ல, போயி வேலையப் பாரு.”

ஆபீஸ் இருப்பது நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், மூன்று அடுக்குக் கட்டடம். தரைத்தளத்தில் நிட்டிங் யூனிட், நான் அங்கே மெக்கானிக். அதற்கு மேல் ஒரு செக்கிங் செக்‌ஷன். அதற்கும் மேல் மஹ்னூர் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் கம்பெனி. மாலையில் கட்டடத்தைப் பூட்டுகிற சாவிக் கொத்து என் இடுப்பில் இருப்பதால் ஆறு மணிக்கு மேலே போய் நிற்பேன். எல்லோரும் போன பிறகும் நாற்காலியை விட்டு எழாத ஒரே ஆள் மஹ்னூர். வயது முப்பத்தாறு. தினமும் அவிநாசிபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறார். ஸ்கூட்டரின் ஹேண்டிலிலும் ஒரு டேப் உண்டு, ஆயில் மாற்ற வேண்டிய தேதியோடு.

அவர் தொழில் என்னவென்று எனக்குப் புரிய நாளாயிற்று. பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் செய்கிறார்கள். யார் வேலைக்கு வந்தார்கள், எந்த லாட் எந்த டேபிளில் நிற்கிறது, இந்த மாதிரி சங்கதி. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் அப்படியே கொண்டுபோய் கம்பெனிக்காரன் தலையில் கட்ட முடியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பதற்கென்று, நிஜத்தைப் போலவே ஒன்றைத் தனியாக எழுப்பிக்கொள்கிறார்கள். எங்கோ மும்பைப் பக்கம் வரிசையாக நிற்கிற கம்ப்யூட்டர்களில் வாடகைக்கு இடம் பிடித்து எழுப்புவது. வேலை முடிந்ததும் இடித்துவிடுவது. ‘டெஸ்ட் என்வி’ என்பார்கள். எழுப்புவதும் இடிப்பதும் மஹ்னூர் பொறுப்பு.

நாங்களும் அதைத்தான் கீழே செய்கிறோம். மெஷினில் ஊசி மாற்றினால் அரை மீட்டர் துணி ஓட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்துக் கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தத் துணியை வேஸ்ட் மூட்டைக்குள் திணிப்போம். இதைச் சொன்னபோது அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அதேதானுங்ணா! இத எங்க எம்டிக்குப் புரிய வெக்கறதுக்கு நாலு நாளாச்சு.”

ஆனால் அவர் கையால் எழுப்புவதில்லை. ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடுகிறார். ஓடவிட்டால் அது தானே எழுந்து நிற்கிறது. “எத்தன மெஷினு, எந்தக் கதவு தொறந்திருக்கோணும், யாரு உள்ள வரலாம், எப்பச் சாகோணும், அத்தனையும் எழுத்துல இருக்கோணுமுங்ணா. இன்னிக்கு ஓட்டுனாலும் அதே, அடுத்த வருசம் ஓட்டுனாலும் அதே. நெசத்துக்கும் டிரையலுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது.” அந்த ஒரு நூல் வித்தியாசம் இல்லாததில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அவர் வருவதற்கு முன்னால் ஆளாளுக்குக் கையால் எழுப்பி, எழுப்பினதை மறந்து, ஆளில்லாத வீட்டில் ஃபேன் ஓடுகிற மாதிரி நாலு மாதம் ஐந்து என்வி சும்மா நின்றிருக்கிறது. வந்த வாரமே சட்டம் போட்டார். தேதி இல்லாமல் எதுவும் பிறக்கக்கூடாது. தேதி வந்தால் யாரையும் கேட்காமல் தானே அழிந்துவிட வேண்டும். இன்னொரு சட்டம் அவர் தனக்கே போட்டுக்கொண்டது: “ஒரு வேலைய மொதத் தடவ கையால செய்யலாமுங்ணா. ரெண்டாவது தடவயும் கையாலயே செஞ்சா அது சோம்பேறித்தனம்.” பிரிட்ஜ் பாலைக் கொட்டுவதற்கு மெஷின் கிடைக்காததுதான் அவருக்குக் குறை.

இந்த ஆள் இப்படியே இருந்திருந்தால் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

போன ஆடியில் தாராபுரம் சாலையில் ஒரு கார்மென்ட்ஸுக்கு, தொழிலாளிகள் குறை சொல்ல, போனில் ஒரு ‘குறைப் பெட்டி’ செய்து கொடுத்தார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கேட்கிறான் என்று இப்போது எல்லாக் கம்பெனியும் வைக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் கட்டக் கட்டப் படத்தைப் போனில் காட்டினால் பெட்டி திறக்கும். எழுதத் தெரிய வேண்டாம், பேசினால் போதும். தமிழ், இந்தி, ஒடியா எதுவானாலும் சரி. பெயர் சொல்ல வேண்டாம். பேசி முடித்தால் ஒரு எண் கொடுக்கும். ஏழு நாளில் அந்த எண்ணை அழுத்திப் பதிலைக் கேட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் வர்ஷினி என்கிற சின்னப் பெண், மஹ்னூர் கம்பெனியின் டிரெய்னர், அங்கே போய், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நிஜப் பெட்டி அடுத்த திங்கள்தான் திறக்கிறது. அதனால் பழகிக்கொள்ள டெஸ்ட் என்வியின் படத்தைச் சீட்டில் அச்சடித்துக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒட்டினாள். பெண்கள் ஒவ்வொருத்தராகப் போனைக் காட்டி, ஹலோ ஹலோ என்றார்கள், சிரித்தார்கள், ஒருத்தி பாட்டுக்கூடப் பாடினாளாம். முப்பத்தேழு பதிவு. எல்லாம் நாலு விநாடி, ஆறு விநாடி. வர்ஷினி கிளம்பினாள். சீட்டு சுவரிலேயே இருந்தது.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு அந்த என்வி, எழுதி வைத்தபடி, தானே அழிந்தது.

திங்கட்கிழமை நான் மேலே யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மஹ்னூர் திங்கள்தோறும், போன வாரம் செத்ததெல்லாம் சுத்தமாகச் செத்ததா என்று ஒரு பட்டியலைப் பார்ப்பார். உள்ளே இருந்தது அதில் இருக்காது. பாலைக் கொட்டிய பிறகு பாக்கெட்டின் மேல் இருக்கிற எழுத்து மாதிரி, என்ன இருந்தது என்ற விவரம் மட்டும் முப்பது நாள் இருக்கும்.

“ஏனுங்ணா, டிரையலுக்குப் பேசறவங்க மூணு நிமிசம் பேசுவாங்களா?”

“கல்யாண ஊட்டு மைக்கா இருந்தாப் பேசுவாங்க அம்மிணி.”

அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினார். எண் 38. வியாழன், பகல் 1.22. மொழி இந்தி. நீளம் மூன்று நிமிடம் பத்து விநாடி.

மதியச் சாப்பாட்டு நேரம். தண்ணீர்க் குழாய் பக்கம். யாரோ ஒருத்தி விளையாட்டுக்கு இல்லாமல் பேசியிருக்கிறாள். பேச வேண்டியது மூன்று நிமிடத்துக்கு இருந்திருக்கிறது. எண்ணை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் பேசியதைக் கேட்ட ஆள் உலகத்தில் யாரும் இல்லை.

வர்ஷினி அழுதாள். “சீட்டக் கிழிக்க மறந்துட்டேங்கா. நாந்தானுங்க்கா.”

“நீ இல்ல கண்ணு. ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணாவே இருக்கோணும்னு செஞ்சது யாரு? அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும் இது டிரையலுன்னு?”

எம்டி இளங்கோ நல்ல மனிதர். பதறிப்போய் உடனே போனை எடுத்துவிட்டார். “கார்மென்ட்ஸ்லயே கேட்டுப்போடலாமுங்க மேடம். ஒரு நிமிச வேல.”

“கேட்டா என்னாகுமுங்க சார்? இந்தி பேசற புள்ளைக நூத்தி நாப்பது பேரு இருக்கறாங்க. வரிசையா நிக்க வெச்சு, யாரு பேசுனது, என்ன பேசுனதும்பாங்க. அவ யாரப் பத்திப் பேசுனாளோ, அந்தாளே வந்து கேட்டாலும் கேப்பான்.”

இளங்கோ போனைக் கீழே வைத்தார்.

தேடினால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். தேடாவிட்டால் அவள் பேசியது பேசாததாகும். இதற்கு நடுவில் மஹ்னூருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஃபைலை ஓடவிட்டார். ஒன்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதே நீல நிறம், அதே கைப்படம், அதே விலாசம். இடித்த வீடு இடித்த இடத்திலேயே அப்படியே எழுந்து நின்றது. ‘பதிவுகள்’ என்ற இடத்தை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். எத்தனை தடவை அழுத்தினாலும் ஃபைலில் எழுதியிருப்பதுதானே வரும். அந்தப் பெண் பேசினதை ஃபைலில் யார் எழுதினார்கள்?

அன்றைக்குப் படியிறங்கும்போது சொன்னார். அவருடைய அப்பா கைருதீன் இந்த ஊரில் பனியன் வேஸ்ட் வாங்கி விற்றவர். “எங்கத்தா மூட்டையத் தெக்கறதுக்கு முன்னால ஒருக்காத் தோள்பட்ட வரைக்கும் கைய உள்ள உட்டுத் தொழாவிப் பாப்பாருங்ணா. ஊசி கெடக்கும், கத்தரி கெடக்கும். ஒருக்கா ஒரு டெய்லரம்மாவோட கம்மலு கெடந்துச்சு, நடந்தே போயிக் குடுத்துட்டு வந்தாரு. நான் அந்தக் கைய வேண்டாம்னு எடுத்துப்போட்டவ.” ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் என்னிடம் ஒரு உதவி கேட்டார், இந்தி பேசுகிற பெண் ஒருத்தி வேண்டும் என்று. எங்கள் கட்டடத்திலேயே செக்கிங் டேபிளில் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். சூப்பர்வைசரிடம் சொல்லிப் பத்து நிமிடத்துக்குக் கூட்டி வந்தேன். விஷயத்தைத் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மஹ்னூர் சொன்னார். அந்தப் பெண் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “அவ என்ன சொன்னா?”

“தெரியாதும்மா. அதான்.”

பேப்பரில் எழுதிக் கொடுத்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தானாகவே பேசினாள். “தீதி, ஆப்கா பாத் ஹம் தக் நஹி பஹுஞ்சா.” அக்கா, நீங்கள் சொன்னது எங்களிடம் வந்து சேரவில்லை. தவறு எங்களுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு பெண் மட்டும்தான் கேட்பாள். இருபத்திரண்டு விநாடி. அதைப் பதிவு செய்து, எண் 38-ஐ அழுத்தினால் கேட்கிற பதிலாக வைத்தார் மஹ்னூர். யாராவது புதிதாகப் பேசினால் தன் போன் அடிக்கிற மாதிரியும் செய்துகொண்டார். தண்ணீர்க் குழாய் பக்கத்துச் சீட்டைக் கிழிக்க வேண்டாம் என்று வர்ஷினியிடம் சொல்லிவிட்டார். நிஜப் பெட்டியின் சீட்டு சாப்பாட்டு ஹாலில் தனியாக ஒட்டப்பட்டது.

அதற்கப்புறம் ஆபீஸில் சில மாற்றங்கள். டெஸ்ட் என்வி எதைத் திறந்தாலும் தலையில் மஞ்சள் பட்டை, ‘இது டிரையல். இங்கே பேசுவது அழிந்துவிடும்’ என்று ஐந்து மொழியில். எண் 38 இருக்கிற அந்த ஒரு என்விக்கு மட்டும் பட்டை கிடையாது. தேதி வந்தால் எதுவும் தானாக அழிவதுமில்லை; அனுப்பாமல் வைப்பதற்கு அன்றன்றைக்கே அவர் புதுத் தேதி போட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அன்றைக்குச் சாக வேண்டியதெல்லாம் மஹ்னூர் முன்னால் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே கிடப்பதை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். ‘டெஸ்ட் 1’, ‘அஆஇஈ’, ‘மண்டை இடிக்குது லீவு வேணும்’ என்று பையன்கள் விளையாட்டாக அடித்து வைத்த அத்தனையும் படிக்கிறார். லீவு கேட்டவனை மட்டும் கூப்பிட்டு நெசமாவே தலைவலியா என்று விசாரித்தார். அவன் வெலவெலத்துப் போய்விட்டான். பையன்கள் முன்னே மாதிரிக் கிண்டல் செய்வதில்லை.

ஏழு நாள் போயிற்று. போன் அடிக்கவில்லை. சாப்பிடும்போதுகூடப் போனை டிபன் பாக்ஸ் மூடி மேல் படுக்க வைத்து, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். பாங்க்காரன் அழைத்தால் அவன் பாவம்.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, ஆறு மணிக்கு நான் போனபோது அவர் நாற்காலியில் இல்லை. ஜன்னலோரம் நின்றிருந்தார். ஸ்க்ரீனில் ஒரு வரி. பகல் 1.15. எண் 38 அழுத்தப்பட்டது. பதில் கேட்கப்பட்டது, 14 விநாடி. புதிய பதிவு இல்லை.

“வந்துட்டுப் போயிட்டாளுங்ணா.”

அந்தப் பதிலை அவரே போட்டுக் கேட்டார், போனில் விநாடியை ஓடவிட்டுக்கொண்டு. பதினாலாவது விநாடியில் நிறுத்தினார். ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ வரைக்கும் வந்திருந்தது. மறுபடி சொல்லுங்கள் என்பதும், ஒரு பெண் மட்டும்தான் கேட்பாள் என்பதும் அதற்குப் பின்னால். அவள் அதுவரை நிற்கவில்லை. வந்து சேரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதோடு போனை அணைத்துவிட்டாள். சாவிக் கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஜார்க்கண்ட் பெண் மறுபடி மேலே வந்தாள். ஒரு பெண் மட்டும்தான் கேட்பாள் என்பதை முதலில் கொண்டுவந்து பேசிக் கொடுத்தாள். போகும்போது மஹ்னூர் அவள் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார். அதில் டேப் இல்லை.

இப்போது தை பிறந்துவிட்டது. அந்தக் கார்மென்ட்ஸில் யார் இருக்கிறார்கள், யார் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள், யாருக்குத் தெரியும்? நிஜப் பெட்டியில் கேன்டீன் சாம்பார், பாத்ரூம் தாழ்ப்பாள் என்று குறை வந்துகொண்டிருக்கிறதாம், தீர்த்தும் வைக்கிறார்களாம். மூன்று நிமிடக் குறை ஒன்றும் வரவில்லை. இளங்கோ போன வாரம் மெதுவாகக் கேட்டார். “ஆறு மாசமாகப் போகுதுங்க மேடம். அந்த ஒண்ண நிறுத்திப்போடலாமுங்களா?”

“நாளைக்கு நிறுத்திக்கலாமுங்க சார்” என்றார் மஹ்னூர். இளங்கோ தலையை ஆட்டிவிட்டுப் போனார். போன மாதம் கேட்டபோதும் இதே நாளைக்குத்தான்.

நானும் ஒரு நாள் கேட்டேன். “ஏன் அம்மிணி, தெனமும் ஒக்காந்து அதுக்குத் தேதி மாத்தறயே, தேதியே வேண்டாம்னு எழுதி உட்டுப்போட்டா என்ன? இல்ல, மெஷினே தெனமும் மாத்திக்கற மாதிரி எழுதிப் போடு. நீதான் ரெண்டாவது தடவ கையாலச் செய்யாத ஆளாச்சே.”

“எழுதிப் போட்டா நாலு நாள்ல மறந்துருவனுங்ணா.”

இன்றைக்கும் ஆறு மணி. கீழே மெஷின்கள் நின்றுவிட்டன. டியூப்லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறேன், அவர் தலைக்கு மேலே இருப்பதைத் தவிர. வரிசையில் நின்ற நாலு என்வியையும் திறந்து படித்து அனுப்பிவிட்டார். ஐந்தாவதாக, அந்த ஒன்றைத் திறக்கிறார். பதிவுகள், ஒன்றும் இல்லை. அழிய வேண்டிய நேரம், இன்று மாலை 6.30. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தேதியை அழித்துவிட்டு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எண்ணாக, நாளைய தேதியை அடிக்கிறார்.